மதியம் பன்னிரண்டரைக்கு வரும் ஏழு எழுத்துகள்

கொடுத்த எழுத்துகளை வைத்து நீளமான ஆங்கில வார்த்தைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டுகள் செல்போனில் கொட்டிக் கிடக்கின்றன. பாதியில் விளம்பரம் குறுக்கே வரும், மீதியில் காசு போட்டு நாணயம் வாங்கச் சொல்வார்கள். அதையெல்லாம் அழித்துவிட்டு நான் கையில் வைத்திருப்பது ஒன்றே ஒன்று: நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஸ்பெல்லிங் பீ.

பெயரைக் கேட்டதும், அமெரிக்காவில் குழந்தைகள் மேடையேறி எழுத்துக்கூட்டிச் சொல்லும் ஸ்கிரிப்ஸ் போட்டி பலருக்கு ஞாபகம் வரும். 1985-இல் பாலு நடராஜன் ஜெயித்ததிலிருந்து இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் கொடிகட்டிப் பறக்கிற போட்டி அது. இது வேறு. இங்கே வார்த்தையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். எழுத்து மட்டும் தருவார்கள், வார்த்தையை நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

திரையில் தேன்கூடு மாதிரி ஏழு அறுகோணக் கட்டங்கள். நடுவில் மஞ்சள் கட்டம், அதைச் சுற்றி ஆறு சாம்பல் நிறக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. நான்கு எழுத்துக்குக் குறையாத வார்த்தையாக இருக்க வேண்டும், நடு எழுத்து கட்டாயம் வர வேண்டும். ஓர் எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் போடலாம். நான்கெழுத்து வார்த்தைக்கு ஒரு புள்ளி. ஐந்தெழுத்துக்கு ஐந்து, எட்டெழுத்துக்கு எட்டு என்று நீளத்துக்குத் தகுந்தபடி ஏறும். ஏழு எழுத்தும் வருகிற வார்த்தைக்குப் பேங்கிராம் என்று பெயர், அதற்குக் கூடுதலாக 7 புள்ளி. தினமும் குறைந்தது ஒரு பேங்கிராமாவது ஒளிந்திருக்கும். அதைத் தேடுவதில்தான் ருசியே.

நான் சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை செய்கிறேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் சார்ட்டை, அதாவது நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போட வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை கண்ணில் படுவதெல்லாம் பத்து, பதினைந்து எழுத்து நீளமுள்ள வார்த்தைகள்தான். எங்கள் ப்ரொடக்‌ஷன் ஃப்ளோருக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஆகவே என் விளையாட்டு நேரம் சாப்பாட்டு இடைவேளைதான். நியூயார்க்கில் அதிகாலை 3 மணிக்குப் புதிய புதிரைத் திறந்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் கோடைகாலமாக இருந்தால் நமக்கு அப்போது மதியம் 12.30, குளிர்காலமாக இருந்தால் 1.30. டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரத்துக்குச் சூடாகப் புதுப் புதிர் வந்து நிற்கும். நம் ஊரில் இருப்பவர்களுக்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது.

சரி, எப்படி விளையாடுவது என்பதை ஒரு கூட்டை வைத்தே காட்டுகிறேன். இது நானே போட்ட கூடு. நடுவில் எம். சுற்றிலும் சி, ஏ, ஆர், ஐ, என், ஓ.

முதலில் சின்னச் சின்ன வார்த்தைகள் வரும். மெயின், மூன், ரூம், மினி. அப்புறம் மைனர், மேனர், மெரூன், மெரினா. அடுத்துத்தான் வேகம் பிடிக்கும். மைக்ரோ இருக்கிறது, மேக்ரோ இருக்கிறது, மோனோ இருக்கிறது. மெடிக்கல் டெர்மினாலஜி வகுப்பில் முதல் வாரத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முன்னொட்டுகள் இவை. மைக்ரோவுக்குப் பின்னால் ஒரு என் போட்டால் மைக்ரான். முன்னால் ஓர் ஓவும் பின்னால் ஓர் என்னும் போட்டால் ஓமிக்ரான். மோனோவுக்குப் பின்னால் மேனியாவை ஒட்டினால் மோனோமேனியா, கடைசியில் ஒரு சி சேர்த்தால் மோனோமேனியாக். பத்து எழுத்து, பத்துப் புள்ளி. ஆனால் அதில் ஆர் இல்லை, ஆகவே அது பேங்கிராம் ஆகாது.

இப்போது பின்னொட்டைப் பார்க்க வேண்டும். ஓ, எம், ஏ என்ற மூன்றும் கூட்டில் இருக்கின்றன. எங்கள் வேலையில் ஓமா என்று முடிந்தால் கட்டி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். முன்னால் மிச்சமிருப்பவை சி, ஏ, ஆர், ஐ, என். கார்சினோமா! ஒரு வகைப் புற்றுநோயின் பெயர். சி இரண்டு முறை, ஏ இரண்டு முறை, மொத்தம் ஒன்பது எழுத்து. ஏழு எழுத்தும் உள்ளே வந்துவிட்டன. 9 புள்ளியோடு 7 சேர்த்து 16.

இதோடு முடியவில்லை. பக்கத்து சீட்டு அக்கா தன் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே என் போனை எட்டிப் பார்த்தார்.

“கார்சினோமா கிடைச்சுதா? இன்னொண்ணும் இருக்கும்மா.”

“எதுக்கா?”

“உன் பையனுக்கு ஞாயித்துக்கிழமை என்ன செஞ்சு குடுப்ப?”

மக்ரோனி! எம், ஏ, சி, ஏ, ஆர், ஓ, என், ஐ. கார்சினோமாவுக்குள் இருக்கும் அதே ஏழு எழுத்துகள்தான் மக்ரோனிக்குள்ளும் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு இருவரும் அன்று அதையேதான் பேசிக்கொண்டிருந்தோம். நான் தூத்துக்குடிக்காரி. முந்திரிப்பருப்பும் முட்டை வெள்ளையும் போட்டுச் செய்கிற எங்கள் ஊர் மக்ரூனையும் இந்தக் கூட்டிலிருந்தே எடுக்கலாம். கடைசி ஐ போய் இன்னோர் ஓ வந்துவிடுவதால் பேங்கிராம் ஆகவில்லை, ஆனாலும் எட்டுப் புள்ளி. பட்டையைக் குறிக்கும் சின்னமனுக்கும் எட்டு. என் மூன்று முறை, எம் ஒரே முறை. எம்மை இரட்டித்து எழுதினால் விளையாட்டு ஏற்காது.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். தப்பாக எழுதினால் தண்டனை கிடையாது. வார்த்தைப் பட்டியலில் இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு எழுத்துகளை அழித்துவிடும், அவ்வளவுதான். புள்ளி குறையாது, நேரம் ஓடாது, உயிர் போகாது. இரட்டை என்னா, இரட்டை எம்மா என்று சந்தேகம் வந்தால் இரண்டையும் போட்டுப் பார்க்கலாம். நம்மில் பலருக்கு ஆங்கில வார்த்தை காதில் இருக்கும், கையில் இருக்காது. கேட்டால் புரியும், எழுதச் சொன்னால் எங்கே எழுத்து இரட்டிக்கிறது என்பதில் தடுமாற்றம் வரும். அதைத் திருத்த இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்க்கவில்லை.

வார்த்தை அறிவு நிறைய இருந்தால்தான் விளையாட முடியும் என்று பலர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் அது பாதிதான் உண்மை. நீளமான ஆங்கில வார்த்தைகளில் பெரும்பாலானவை தலை, உடம்பு, வால் என்று கழற்றி மாட்டக்கூடியவை. முழு வார்த்தையையும் மனசுக்குள் தேடினால் கிடைக்காது. முதலில் வாலைப் பிடித்துக்கொண்டு, தலை என்னவாக இருக்கும் என்று முன்னோக்கி வர வேண்டும்.

இன்னொரு கூடு. நடுவில் சி. சுற்றிலும் எல், ஓ, ஏ, டி, ஐ, என். டிகாக்‌ஷனில் முதலில் வருகிற டி இல்லை இது, டீயின் முதல் எழுத்து. பார்த்தவுடன் கண்ணுக்குத் தெரிய வேண்டியது டி, ஐ, ஓ, என் என்ற நான்கும். ஷன் என்று முடிகிற அந்த வால் கைக்கு வந்துவிட்டால் மிச்சம் தானாக வரிசையில் வரும். ஆக்‌ஷன், சைட்டேஷன், லொக்கேஷன். லொக்கேஷனில் ஏழும் இருக்கின்றன. அதன் முன்னால் ஓர் ஏயும் ஓர் எல்லும் போட்டால் அலொக்கேஷன், அதுவும் பேங்கிராம். கூட்டணி என்று தேர்தல் நேரத்தில் தினமும் படிக்கிற கோயலிஷன், பேங்கிராம். தாய்ப்பால் சுரப்பதைச் சொல்லும் லாக்டேஷன், அதுவும் பேங்கிராம். கொலேஷன், கொலொக்கேஷன் என்று இன்னும் இரண்டு. எல்லாவற்றுக்கும் மேலே கன்சிலியேஷன்: பன்னிரண்டு எழுத்து, 19 புள்ளி. ஒரே வாலில் இத்தனை.

ஆனால் இதே கூட்டில் அனோட்டேஷன், இன்டோனேஷன், நேஷனல் என்று வரிசையாகத் தோன்றும். ஒன்றும் செல்லாது. நடு எழுத்தான சி அவற்றில் இல்லை. நடு எழுத்து இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். கூட்டின் குணத்தை முடிவு செய்வதே அந்த நடு எழுத்துதான். அதே ஏழு எழுத்துகளை வைத்துக்கொண்டு நடுவில் எல் எழுத்தைப் போட்டால் ஆக்‌ஷனும் சைட்டேஷனும் காணாமல் போய், நேஷனல் உள்ளே வந்துவிடும்.

வால் கிடைக்காத கூடுகளும் வரும். அப்போது இரண்டு வார்த்தை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிலோவாட் ஒரு நல்ல உதாரணம், ஷன் என்ற வாலும் இல்லை, இங் (ing) என்ற வாலும் இல்லை, ஆனால் ஏழு எழுத்துகள் உண்டு. அதுவும் அகப்படவில்லையென்றால் வீட்டுக்குள் கண்ணை ஓட்ட வேண்டும். பால்கனி என்ற வார்த்தைக்கு ஆங்கிலத்தில் ஏழே எழுத்து, ஏழும் வேறு வேறு. இப்படி ஓர் எழுத்தும் திரும்ப வராத பேங்கிராமை பெர்ஃபெக்ட் பேங்கிராம் என்கிறார்கள். நாம் புளி என்று சொல்கிற டாமரிண்டிலும் வேறுபட்ட எழுத்துகள் சரியாக ஏழு. படிப்பிலிருந்து வருகிற வார்த்தையைவிட இப்படி அடுக்களையிலிருந்து வருகிற வார்த்தைதான் கடைசிவரை ஒளிந்துகொண்டிருக்கும்.

கூட்டின் கீழே எழுத்துகளைக் குலுக்கிவிடுகிற ஒரு பட்டன் இருக்கிறது. நடு எழுத்து அப்படியே நிற்க, சுற்றியுள்ள ஆறும் இடம் மாறும். புதிதாக ஆடுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. மூளை ஒரே வரிசையைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போயிருக்கும்போது ஒரு தட்டு தட்டினால் பக்கத்தில் வந்து அமர்கிற இரண்டு எழுத்துகளே வார்த்தையைச் சொல்லிவிடும்.

எஸ் எழுத்து மட்டும் கூட்டில் வராது. எஸ் இருந்தால் எல்லா வார்த்தைக்கும் பின்னால் ஓர் எஸ்ஸை ஒட்டிப் பன்மையாக்கிப் புள்ளி குவித்துவிடலாம், தேடலுக்கு வேலை இல்லாமல் போகும். எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி வார்த்தை சேர்க்கும் ஸ்கிராபிள் ஆடிப் பழகியவர்களுக்கு இது கையொடிந்த மாதிரி இருக்கும், ஏனென்றால் அங்கே எஸ்தான் பொக்கிஷம். என்னைக் கேட்டால் இந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் எடுத்த முடிவுகளிலேயே ஆகச் சிறந்தது இதுதான்.

ஸ்கிராபிளோடு ஒப்பிடுவது தவிர்க்க முடியாதது, ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கிராபிளில் கையிலிருக்கும் கட்டையை ஒரு முறைதான் வைக்கலாம், எதிராளி உண்டு, பலகையில் இடம் பார்க்க வேண்டும். உச்சத்தில் அது முழுக்க மனப்பாட விளையாட்டாக மாறிவிடுகிறது. நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே, பிரெஞ்சு வார்த்தைப் பட்டியலைப் படித்து மனசில் ஏற்றிக்கொண்டு, 2015-இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அந்தத் திறமைக்குக் கைகூப்ப வேண்டும். ஆனால் அர்த்தம் தெரியாத வார்த்தையை அடுக்குவதில் எனக்கு ஆசை இல்லை. ஸ்பெல்லிங் பீ கேட்பது எங்கேயோ படித்த, யாரோ பேசக் கேட்ட வார்த்தைகளைத்தான்.

இதை முதலில் அச்சில்தான் கொண்டுவந்தார்கள். லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த ஒரு வார்த்தைப் புதிரைப் பார்த்து, நியூயார்க் டைம்ஸின் புதிர்ப் பகுதி ஆசிரியர் வில் ஷார்ட்ஸ் யோசனை சொல்ல, ஃப்ராங்க் லாங்கோ 2014-இல் வார இதழுக்காக உருவாக்கினார். 2018 மே மாதத்தில் இணையத்துக்கு வந்தது. இணையப் பதிப்பில் எந்த வார்த்தை செல்லும், எது செல்லாது என்று முடிவெடுப்பவர் எடிட்டர் சாம் எஸர்ஸ்கி.

இதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. பட்டியல் ஒரு மனிதரின் தீர்ப்பு. ஊர், ஆள் போன்ற சிறப்புப் பெயர்கள் கிடையாது, நடுவில் கோடு போட்ட வார்த்தைகள் கிடையாது, கெட்ட வார்த்தைகள் கிடையாது, இவையெல்லாம் நியாயம். ஆனால் அதிகம் புழங்காத வார்த்தைகளும் கிடையாது என்கிறபோது, யாரிடம் புழங்காத என்ற கேள்வி வருகிறது. மருத்துவம், தாவரவியல், கப்பல் என்று ஒரு துறைக்குள் தினமும் புழங்குகிற வார்த்தை வெளியில் இருப்பவருக்கு அபூர்வமாகத் தெரியும். அகராதியில் இருக்கிறது, சார்ட்டில் இருக்கிறது, பட்டியலில் இல்லை. சமையல் வார்த்தைகளில் தாராளம் அதிகம், நம் நான் ரொட்டியின் நான் அடிக்கடி தலைகாட்டும். துறைச் சொற்களுக்கும் அதே தாராளத்தைக் காட்டலாம். குறைந்தபட்சம் அகராதியில் இருக்கிறது, ஆனால் இன்றைய பட்டியலில் இல்லை என்று பிரித்துச் சொன்னால் ஆடுகிறவருக்குத் தன் ஸ்பெல்லிங் சரிதான் என்றாவது தெரியும். இப்போது தப்பான ஸ்பெல்லிங்குக்கும் சரியான அபூர்வ வார்த்தைக்கும் ஒரே பதில்தான். ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்வதற்காக ஆடுகிறவர்களை இது குழப்பும்.

படிநிலைகளைப் பற்றி: பிகினரில் தொடங்கி, குட், சாலிட், நைஸ், கிரேட், அமேசிங் என்று ஏறி ஜீனியஸில் முடியும். அன்றைய மொத்தப் புள்ளியில் 70 சதவீதம் எடுத்தால் ஜீனியஸ். எல்லா வார்த்தையையும் கண்டுபிடித்தால் குவீன் பீ என்ற பட்டம் வரும், அது முன்கூட்டித் திரையில் தெரியாது. சாப்பாட்டு இடைவேளையில் அமேசிங்வரை போனால் எனக்குத் திருப்தி. மிச்சத்தை எலெக்ட்ரிக் ட்ரெயினில் வீட்டுக்குப் போகும்போது பார்த்துக்கொள்வேன். அதிலும் முதலில் கிடைக்காமல் அடம்பிடித்த வார்த்தை கிண்டி தாண்டுவதற்குள் சட்டென்று வரும்.

முட்டிக்கொண்டு நின்றால் உதவியும் வைத்திருக்கிறார்கள். எந்த எழுத்தில் தொடங்கும் வார்த்தைகள் எத்தனை, அவை எத்தனை எழுத்து நீளம் என்று ஒரு கட்டம் போட்ட அட்டவணை தினமும் வரும். அதன் கீழே முதல் இரண்டு எழுத்துகளின் பட்டியல். வார்த்தையைச் சொல்லாது, இருக்கிற இடத்தை மட்டும் காட்டும். நீளமான வார்த்தைகளைத் தேடுகிறவர்களுக்கு இது பெரிய துணை. சி, ஓ என்று தொடங்கும் பன்னிரண்டு எழுத்து வார்த்தை ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு தேடுவது தனிச் சுகம். ஸ்பெல்லிங் பீ பட்டி (Buddy, தோழன்) என்று ஒரு பக்கமும் உண்டு, நாம் கண்டுபிடித்ததைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் குறிப்பு தரும். எனக்குப் பழைய அட்டவணையே போதும்.

ஆட்டம் முடிந்த பிறகு வேறு என்னென்ன வார்த்தைகள் வந்திருக்கலாம் என்று பார்க்க நான் போவது ஒன்லுக் என்ற தளத்துக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அகராதிகளை ஒரே இடத்தில் தேடித் தரும், காசு கிடையாது. தேடும் பெட்டியில் ஒரு நட்சத்திரக் குறி, அதையொட்டிக் கூட்டல் குறி, அதையொட்டி நம் ஏழு எழுத்துகள். அவ்வளவு போட்டால் அந்த எழுத்துகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட வார்த்தைகள் வந்து குவியும். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் கலந்துதான் வரும், சலித்துக்கொள்ள வேண்டியது நம் வேலை. நட்சத்திரத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் போட்டால் ஒரு கேள்விக்குறிக்கு ஓர் எழுத்து என்று நீளத்தையும் கட்டுப்படுத்தலாம். ஆட்டத்தின் நடுவில் மட்டும் இதைத் திறக்காதீர்கள். விடைத்தாளைப் பார்த்து எழுதுகிற சமாச்சாரம் ஆகிவிடும், அன்றைய புதிர் அதோடு செத்தது.

செலவு விஷயம். சந்தா இல்லாமலும் தினமும் ஆடலாம், ஆனால் கொஞ்ச தூரம் ஏறியதும் கதவு சாத்திக்கொள்ளும், மேலே போகச் சந்தா கேட்கும். பத்திரிகை முழுவதற்கும் கட்ட வேண்டியதில்லை, விளையாட்டுகளுக்கு மட்டும் தனிச் சந்தா உண்டு. அதில் குறுக்கெழுத்தும் சேர்ந்து வரும். அமெரிக்கக் குறுக்கெழுத்து அந்த ஊர் டிவி நிகழ்ச்சி, பேஸ்பால் ஆட்டக்காரர் என்று கேட்பதால் நமக்கு அவ்வளவாக ஒட்டாது. ஸ்பெல்லிங் பீயில் அந்தச் சிக்கல் மிகக் குறைவு.

பத்தாவதுக்கு மேல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் சந்தா கட்டாமலேயே ஆரம்பிக்கலாம். ஒரு காகிதத்தில் ஏழு எழுத்தை எழுதி நடுவில் ஒன்றை வட்டமிட்டுக் கொடுங்கள். எங்கள் கேன்டீனில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. அக்கா போன் பார்ப்பதில்லை, கண் வலிக்கிறது என்பார். நான் டிஷ்யூ பேப்பரில் கூட்டை வரைந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் ஒரு பேங்கிராமோடு வருவார், நீளமான வால் இருந்தால் இரண்டோடு.